பன்னிரண்டு தலையணைகளும் ஏழு இலைகளும்

பின்வரும் செய்தியை எழுந்து நின்று வாசிப்பதே முறை. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் குடியிருப்போர் நலச் சங்கம் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குக் கூடி, இரண்டு மணி நேரம் விவாதித்து, வருங்காலச் சந்ததிகள் நன்றியோடு நினைவுகூர வேண்டிய தீர்மானம் ஒன்றை ஏகமனதாக நிறைவேற்றியது. தரைத்தளத்தில் புதிதாகக் கட்டிய பொது ஹாலின் சோபாக்களில் கிடக்கும் பன்னிரண்டு வெள்ளைத் தலையணைகளும் மொட்டையாக இருப்பது சங்கத்தின் கௌரவத்துக்கு இழுக்கு. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான்கு மணித் திறப்புவிழாவுக்குள் அவற்றின்மேல் பூவோ இலையோ ஏதாவது ஒன்று இருந்தே தீர வேண்டும்.

முன்மொழிந்தவர் சங்கச் செயலாளர். "எங்க வீட்ல டிராயிங் டீச்சர் இருக்காங்க, பாத்துக்குவாங்க" என்று அங்கேயே வாக்கும் கொடுத்துவிட்டார். டீச்சரிடம், அதாவது மனைவியிடம், கேட்கவில்லை. கேட்டால் மறுத்துவிடுவாளோ என்ற தயக்கமெல்லாம் இல்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

புதன்கிழமை பகல் மூன்று மணிக்கு டீச்சர் முதல் தலையணையை முடித்து, சோபாவில் சாத்திவிட்டுக் கை கழுவப் போனாள். திரும்பி வந்தபோது தலையணையின் நடுவில் ஒரு குழி விழுந்திருந்தது. யாரோ முதுகைச் சாய்த்துவிட்டு இப்போதுதான் எழுந்து போனதுபோல. வீட்டில் அவளைத் தவிர ஆள் இல்லை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருக்கையில் அந்தக் குழி மெல்ல நிரம்பி மேடாயிற்று. பஞ்சு நல்ல பஞ்சு, அமுங்கினால் எழும்பும் என்று சொல்லிக்கொண்டாள். அமுக்கியது யார் என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லை. இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவளுக்கு, பதில் தெரியாத கேள்வியை வகுப்பில் எழுப்பக் கூடாது என்பது தெரியும்.

வேலையில் குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. கடையில் விற்கிற ஸ்டென்சில் தாள் நாலு முறை பெயிண்ட் பட்டதும் ஊறிக் கிழிந்துவிடும். டிராயிங் டீச்சர்கள் அதை வாங்குவதில்லை. பழைய எக்ஸ்ரே ஃபிலிம்தான் அவர்களுக்குத் தாள். விறைப்பாக நிற்கும், ஈரம் குடிக்காது, ஓரம் கத்தி மாதிரி விழும். வழக்கமாக அதை ப்ளீச்சில் ஊறப்போட்டு, கறுப்பெல்லாம் கரைந்து கண்ணாடிபோல ஆன பிறகுதான் வெட்டுவாள். இந்த முறை அவசரம். கட்டிலுக்கு அடியிலிருந்த பழுப்பு உறையைத் திறந்தாள். நாலு வருடத்துக்கு முன் இருவரும் ஒரே நாளில் உடல் பரிசோதனைக்குப் போய் எடுத்த படங்கள் அதில் இருந்தன. மேலே கிடந்தது அவருடைய நெஞ்சு. அப்படியே எடுத்து, கறுப்பைக் கழுவாமல், மேஜையில் விரித்தாள். பென்சில் கோடு கறுப்பில் தெரியவில்லை. அதனால் என்ன, இடது பக்கத்து விலா எலும்புகளே அழகாக வளைந்து வளைந்து வழி காட்டின. ஒவ்வொரு இரண்டு எலும்புக்கும் நடுவே ஒரு இலையாக, ஏழு இலை. பிளேடு வழுக்கிக்கொண்டு போயிற்று. வெட்டி விழுந்த துண்டுகளைப் பெருக்கிக் குப்பையில் போட்டாள்.

தலையணை உறைக்குள் அட்டையைச் செருகி, ஃபிலிமை மேலே ஒட்டி, ஸ்பாஞ்சைப் பெயிண்டில் தொட்டு, காகிதத்தில் ஒற்றிக் கிட்டத்தட்ட காய்ந்த பிறகு, செங்குத்தாக மெல்ல மெல்லத் தட்டினாள். ஆழ்ந்த பச்சை. ஃபிலிமைத் தூக்கினால் ஏழு இலை, கசிவு இல்லை, பிசிறு இல்லை. காய்ந்ததும் உறையை உட்புறமாகத் திருப்பி, நாலு நிமிடம் சூடான இஸ்திரி. இஸ்திரி போட்ட துணிப் பெயிண்ட் ஆயுசுக்கும் போகாது. மாணவர்களிடம் அவள் பெருமையாகச் சொல்லும் வாக்கியம் அது.

செயலாளர் ஆறு மணிக்கு வந்தார். செயலாளர் என்று வீட்டில் முதலில் கூப்பிட்டது டீச்சர்தான், கேலிக்கு. அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார். உப்பு வேண்டுமென்றால்கூட முன்னுரை, மூன்று காரணம், முடிவுரை என்று கேட்கிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை திறப்புரை அவருடையது. பதினெட்டுப் பக்கம் எழுதி வைத்திருந்தார். கண்ணாடி முன் நின்று, தொண்டையைச் செருமி, "வரலாற்றுச் சிறப்புமிக்க இந்த" என்பது வரைக்கும் போனவர் நின்றுவிட்டார்.

என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை, நெஞ்சுக்குள்ளே ஒரு இடத்தில் காற்றுப் போகமாட்டேன் என்கிறது என்றார். மூன்று மணி வாக்கில் திடீரென்று உள்ளே ஒரு சூடு, அதிலிருந்து இப்படித்தானாம்.

"இருபத்தெட்டு வருஷம் கழிச்சு இந்த வீட்டுக்கு ஒரு விடிவுகாலம் வருது, தடுக்காதீங்க" என்றாள்.

அவர் சிரித்தார். சிரிப்பும் பாதியில் நின்றது.

மருந்துக் கடைக்காரர் வாயு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். செயலாளரிடம் வாயுவுக்கு என்றைக்கும் பஞ்சமில்லை என்பதால் கட்டடத்தில் யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை.

புதன் முடிய இரண்டு தலையணை. வியாழன் நான்கு. வியாழக்கிழமை மத்தியானம் கட்டடம் காலியாகக் கிடந்தது. எல்லாரும் வேலைக்கோ தூக்கத்துக்கோ போய்விட்ட நேரம், லிஃப்ட் எங்கோ ஒரு மாடியில் நின்று மெல்ல முனகிக்கொண்டிருக்க, ஜன்னல் வழியே விழுந்த வெயில் தரையில் சதுரமாகப் படுத்திருக்க, பெயிண்டின் புளித்த வாடையும் சூடுபட்ட பருத்தியின் கருகல் வாடையும் கலந்து கூடத்தை நிரப்பிய அந்த வேளையில், ஸ்பாஞ்சைத் தட்டிக்கொண்டிருந்த அவள் கை தானாக நின்றது. ஏதோ ஒரு சத்தம் இவ்வளவு நேரமாக இருந்துகொண்டே இருந்திருக்கிறது, இப்போதுதான் காதில் ஏறுகிறது என்பது புரிந்தது. ஃபிரிட்ஜ் இல்லை. ஃபேன் இல்லை, பெயிண்ட் காயட்டும் என்று அவளே அணைத்திருந்தாள். நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற ஒரு பெரிய ஆளின் மூச்சு அது. உள்ளே இழுக்கும்போது ஒரு சின்ன விசில். வெளியே விடும்போது ஒரு திருப்தி. இருபத்தெட்டு வருடம் பக்கத்தில் படுத்து, எழுப்பி, திட்டி, காதில் பஞ்சு வைத்து, பிறகு அது இல்லாமல் தூக்கம் வராமல் போன மூச்சு. அவளுக்கு அது யாருடையது என்று தெரியும்.

ஆனால் அவர் கீழே ஹால் வாசலில் வந்து இறங்கிய நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். இருந்தார். ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றிருந்தார்.

சோபாவைப் பார்த்தாள். முடித்து வைத்த தலையணைகள் வரிசையாக, பச்சை இலையோடு, சாதுவாக இருந்தன. அவள் பார்த்தவரைக்கும் அசையவில்லை. கண்ணைத் திருப்பினாள். விசில்.

அன்று எதிர்வீட்டு அக்கா வந்து, அழகு அழகு என்று ஒரு தலையணையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். வைத்தவுடனே எடுத்துவிட்டாள்.

"இப்பதான் இஸ்திரி போட்டியா டீச்சர்? கதகதன்னு இருக்கே."

டீச்சர் ஆமாம் என்றாள். அந்தத் தலையணை நேற்றையது.

வெள்ளிக்கிழமை மிச்சம் ஆறையும் முடித்தாள். முடிக்காமல் இருந்திருக்கலாமே என்று கேட்பவர்கள், சொந்த மனைவியின் கைவேலையை மேடையேறி அறிவித்துவிட்ட ஒரு செயலாளரோடு குடும்பம் நடத்தியிருக்க மாட்டார்கள். மேலும் அப்போது அவளிடம் இருந்தது பயம்தான், காரணம் இல்லை. காரணம் இல்லாத பயத்துக்கு வேலைதான் மருந்து என்று வளர்ந்தவள். ஸ்பாஞ்சை வேகமாகத் தட்டினாள். உள்ளறையில் ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு இருமல் கேட்டது. ஸ்பாஞ்சை நிறுத்தினாள். இருமல் நின்றது. தற்செயல். மறுபடி தட்டினாள்.

வெள்ளி மாலை செயலாளர் படுக்கையிலிருந்து எழவில்லை. அவருடைய உலகத்தில் மிச்சமிருந்த சொற்கள் மூன்று: தண்ணி, ஜன்னல், டீச்சர். முன்னுரை இல்லை. காரணங்கள் இல்லை. உதட்டோரம் நீலம் பாய்ந்திருந்தது. அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். இடது பக்கம், விலாவுக்கு மேலே, அந்த இடம் கல்மாதிரி குளிர்ந்திருந்தது.

"டீச்சர்" என்றார். பிறகு வெகு நேரம் காற்றுக்காகக் காத்திருந்துவிட்டு, "பயமா இருக்கு" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் சொன்ன மிகச் சிறிய வாக்கியம் அதுதான். மிக நல்ல வாக்கியமும் அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. ஒன்றும் ஆகாது, நான் விடமாட்டேன் என்றாள்.

சனிக்கிழமை காலை டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எடுக்கிறவர் ஒருமுறை எடுத்தார். வெளியே வந்து, சட்டையைக் கழற்றச் சொல்லி மறுபடி எடுத்தார். மூன்றாம் முறை வந்தபோது குரலைத் தாழ்த்தி டீச்சரிடம் கேட்டார்: "சார் உள்ள டிசைன் போட்ட பனியன் ஏதாவது போட்டிருக்காரா?"

செயலாளர் வெறும் மார்போடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் செருகினார். கறுப்பாக இருக்க வேண்டிய இடது நுரையீரலில், விலா எலும்புகளுக்கு நடுவே, வெள்ளை வெளேரென்று ஏழு இலைகள். ஓரம் கத்தி மாதிரி. கசிவு இல்லை, பிசிறு இல்லை.

டாக்டர் பேனாவைத் திறந்தார், மூடினார். "இது ஃபிலிம் கோளாறுன்னு நினைக்கிறேன். மூணு தடவையும் ஒரே கோளாறு வராதுன்னும் நினைக்கிறேன்." ஆஸ்பத்திரியில் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் படுக்கை காலியாகும், அதுவரை வீட்டில் உட்காரவைத்தே வைத்திருங்கள் என்று அனுப்பினார்.

டீச்சர் புதிய ஃபிலிமை வாங்கிக்கொண்டாள். தான் வரைந்த இலை அவளுக்குத் தெரியாதா?

மணி இரண்டு. அவரை உள்ளறையில் தலையணை அடுக்கி, வெறும் வெள்ளைத் தலையணைதான், சாய்த்து உட்காரவைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். பழைய ஃபிலிமைப் புதிய ஃபிலிமின்மேல் வைத்தாள். ஓட்டைமேல் இலை. இலைமேல் ஓட்டை. மயிரிழை விலகவில்லை.

சோபாவில் பன்னிரண்டும் மூச்சு விட்டன. இப்போது அவள் பார்க்கும்போதே விட்டன. மறைக்கவில்லை. ஒன்றாக எழும்பின. ஒன்றாகத் தாழ்ந்தன. பஞ்சுக்குள் விசில்.

ஒரு தலையணையைத் தூக்கிக் குளியலறைக்கு ஓடினாள். சோப்பு. சுடுதண்ணீர். பிரஷ். தேய்த்தாள். விரல் தோல் உரிந்தது. இலை போகவில்லை. அவளே போட்ட இஸ்திரி.

கத்தரிக்கோலை எடுத்தாள். தையல் ஓரத்தில் ஒரே ஒரு நூல். வெட்டினாள்.

உள்ளறையில் அவர் அலறினார். அலறுவதற்குக் காற்று இல்லாத ஒருவரின் அலறல். வாய் திறந்த சத்தம் மட்டும்.

கத்தரிக்கோலைக் கீழே போட்டாள்.

வெட்டி விழுந்த துண்டுகள். ஏழு துண்டு. புதன்கிழமைக் குப்பை. புதன்கிழமையே போய்விட்டது.

தரையில் உட்கார்ந்தாள். பழுப்பு உறை பக்கத்தில் கிடந்தது. அதற்குள் இன்னொரு ஃபிலிம் இருப்பது அவளுக்குத் தெரியும். அதே நாள், அதே அறை, அதே ஆள் எடுத்தது. இடது மூலையில் அவள் வயது. அவளுடைய எலும்புகள் அவருடையதைவிட மெலிசாக, ஒழுங்காக இருந்தன. அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அவருடைய ஃபிலிமை அதன்மேல் வைத்து, முதல் ஓட்டை வழியே பிளேடை இறக்கினாள். ஓரத்தை ஒட்டியே ஓட்டினாள். இடது மார்புக்குக் கீழே ஒரு சில்லிப்பு, ஐஸ்கட்டியை யாரோ வைத்ததுபோல. துண்டு வெளியே வந்தது. அதை அவருடைய ஓட்டையில் பொருத்தி டேப் போட்டாள்.

"தண்ணி குடு" என்றார் உள்ளேயிருந்து. இரண்டு சொல்.

அழுகை வந்தது. அழுவதற்கு இழுத்த மூச்சு முழுதாக வரவில்லை.

ஆளுக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம் என்றுதான் கணக்குப் போட்டாள். மூன்று கொடுத்தால் போதும், அவரும் இருப்பார், நானும் இருப்பேன், இரண்டு பேரும் மெதுவாகப் பேசிக்கொள்வோம். மூன்றை ஒட்டினாள். அவர் எழுந்து நின்ற சத்தம் கேட்டது. ஐந்து நிமிடம் காத்திருந்தாள். பிறகு அவர் மறுபடி சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. ஒரு ஓட்டை மிச்சமிருந்தாலும் டயரில் காற்று நிற்குமா?

நான்கு. ஐந்து.

வெயில் சதுரம் சுவரில் ஏறியது.

ஆறு. கண்ணில் பூச்சி பறந்தது. பிளேடு எங்கே. கையில்தான்.

ஏழு.

டேப் போட்டாள். விரலால் நீவினாள். மாணவர்களுக்குச் செய்துகாட்டுவதுபோல, குமிழி இல்லாமல்.

ஐந்தரை மணிக்குச் செயலாளர் கூடத்துக்கு நடந்து வந்தார். முகத்தில் ரத்தம் ஓடியிருந்தது. ஆஸ்பத்திரி எதற்கு, டாக்டர்களுக்குப் படம் எடுக்கத் தெரியவில்லை, ஆளைப் பயமுறுத்தத்தான் தெரிகிறது என்பதை மூன்று காரணங்களோடு விளக்கினார். முடிவுரையும் சொன்னார். அவள் தரையில், சோபாவில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். காற்று வரவில்லை. அவர் பதிலை எதிர்பார்க்கவும் இல்லை. அன்று இரவும் மறுநாள் காலையும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. தன் உரையை ஒரு குறுக்கீடும் இல்லாமல் இரண்டு முறை ஒத்திகை பார்க்க முடிந்ததில் அவருக்கு மகிழ்ச்சி. புறப்படும்போது மட்டும், முகம் வெளுத்திருக்கே, கொஞ்சம் பவுடர் போட்டுக்கோ என்றார்.

ஞாயிறு நான்கு மணி. ஹால் நிறைந்திருந்தது. புதுச் சுவரின் சுண்ணாம்பு வாடை. ரிப்பன் வெட்டினார்கள். எதிர்வீட்டு அக்கா அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து முதல் சோபாவில் உட்காரவைத்து, வரைஞ்சவங்கதான் முதல்ல சாயணும் என்று சொல்லி, முதுகுக்கு ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்று மூன்று தலையணைகளை அணைகொடுத்தாள். கதகதப்பாக இருந்தது. மற்ற ஒன்பதிலும் ஆட்கள் சாய்ந்தார்கள். ஒருவரும் எழுந்து ஓடவில்லை. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, ரொம்ப சுகமா இருக்கு என்றார்.

செயலாளர் மேடையேறினார். வரலாற்றுச் சிறப்புமிக்க என்று தொடங்கினார். நிற்கவில்லை.

டீச்சர் கடைசியாக எப்போது மூச்சு இழுத்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். ரிப்பனுக்கு முன்பா. லிஃப்டிலா. இழுக்க முயன்றாள். உள்ளே ஒரு கதவுகூட அசையவில்லை. அவர் குரலில், ஒவ்வொரு நீண்ட வாக்கியத்தின் அடியிலும், தன் மூச்சு ஓடுவதை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். சங்கத்தின் தலைவரைப் பாராட்டியது. பொருளாளரைப் பாராட்டியது. வண்ணம் பூசியவர்களை, நாற்காலி கொடுத்தவர்களை, மைக் செட்காரரைப் பாராட்டியது. இப்போது என் பெயர் வரும், அப்போது அவர் இந்தப் பக்கம் திரும்புவார், பார்த்துவிடுவார் என்று காத்திருந்தாள். பக்கங்கள் புரண்டன. அவர் திரும்பவில்லை.

கையைத் தூக்க நினைத்தாள். கை மடியில் கிடந்தது.

முதுகுக்குப் பின்னால் அந்தத் தலையணை எழும்பியது. அவள் தோள்களை மெல்ல முன்னே தள்ளியது. தாழ்ந்தது. தோள்கள் பின்னே சரிந்தன. எழும்பியது. தாழ்ந்தது. சீராக. நிதானமாக. உள்ளே ஒரு சின்ன விசிலோடு. அசையாமல் திறந்திருந்த அவள் கண்கள்மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது, நடந்தது. பக்கத்திலிருந்த எதிர்வீட்டு அக்கா திரும்பி, ஏறி இறங்கும் அந்தத் தோள்களைப் பார்த்துவிட்டு, பாவம், நாலு நாள் அலைச்சல், அசந்து தூங்குறாங்க என்று அடுத்தவளிடம் கிசுகிசுத்தாள்.

உரை ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு எல்லாருக்கும் டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள்.